ஊட்டுவதை நிறுத்திய பிறகுதான் சாப்பிட ஆரம்பித்தாள்

பாப்பாவுக்கு ஆறு மாதம் நிறைந்த அன்று எங்கள் ஃப்ரீசரில் நாற்பது கட்டிகள் தயாராக இருந்தன. பூசணி, கேரட், ஆப்பிள், பட்டாணி என்று ஒவ்வொன்றையும் வேகவைத்து, அரைத்து, வடிகட்டி, ஐஸ் டிரேயில் ஊற்றி உறையவைத்திருந்தேன். இதற்கென்றே ஆவியில் வேகவைத்து அதிலேயே அரைக்கிற ஒரு மிஷின், மேசையில் ஒட்டிக்கொள்கிற தட்டு, மெத்தென்ற கரண்டிகள் ஆறு, மூடி போட்ட குட்டி டப்பாக்கள். அந்த மாத வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போனது. வாங்கும்போது கை கூசவில்லை. முதல் குழந்தை. அவருக்கு வெளியூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். எதுவும் குறைந்துவிடக் கூடாது என்ற பயத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கிப் போட்டேன். அதில் இன்றைக்கும் கைக்கு உதவுவது ஒரே ஒரு பொருள்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. கரண்டி வந்தால் வாய் திறக்கும், மசியல் உள்ளே போகும், நான் போட்டோ எடுப்பேன். ஏழரை மாதத்தில் ஒருநாள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். பல் வருகிறதோ என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே. கரண்டியைத் தட்டிவிட ஆரம்பித்தாள். பாட்டுப் பாடினேன், ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போனேன், கடைசியில் எல்லோரும் போய்ச் சேருகிற இடத்துக்கே நானும் போய்ச் சேர்ந்தேன்: போனில் வீடியோ. திரையைப் பார்த்து வாய் பிளக்கும் நேரம் பார்த்து ஒரு கரண்டி. ஒரு வேளைக்கு ஐம்பது நிமிடம், நாளுக்கு மூன்று வேளை. கூட்டிப் பார்த்தால் ஒரு நாளில் இரண்டரை மணி நேரம். இப்படி ஐந்து வாரம். அம்மா போனில், "விடும்மா, பசிச்சா தானா திறப்பா" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு இரவு அவள் துப்பிய கேரட்டைத் துடைத்துக்கொண்டே நானும் அழுதேன். அவள் சாப்பிடாததற்கு நான்தான் காரணம் என்று முழுதாக நம்பினேன். பாதி உண்மைதான், ஆனால் நான் நினைத்த காரணம் வேறு.

திருப்பம் ஒரு தற்செயல். ஒரு சாயங்காலம் அவளை மடியில் வைத்துக்கொண்டு என் சாப்பாட்டை அவசரமாக முடித்துக்கொண்டிருந்தேன். தட்டு ஓரத்தில் நீளவாக்கில் வெட்டிய வேகவைத்த உருளைக்கிழங்கு. என் கவனம் போனில் இருந்தபோது ஒரு துண்டை வாரி எடுத்துவிட்டாள். ஐந்து விரலும் சேர்த்து இறுக்கியதில் பாதி அவள் உள்ளங்கைக்குள் பிசுபிசுவென்று நசுங்கியது, மீதி முஷ்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதை மூக்கில் ஒருமுறை இடித்தாள், கன்னத்தில் ஒருமுறை, மூன்றாவது தடவை வாய். ஈறால் ஒரு கடி. பிறகு கண்ணை அகல விரித்து அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரோ ரகசியம் சொன்ன மாதிரி. மறுபடி வாய். ஐந்து வாரமாக என் கரண்டிக்குத் திறக்காத வாய்.

மறுநாளே உற்சாகத்தில் முதல் தப்பைச் செய்தேன். சின்னக் குழந்தைக்குச் சின்னத் துண்டு என்று எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்தேன். தட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள், எதுவும் கையில் நிற்கவில்லை, அழுது தீர்த்துவிட்டாள். எனக்குத் தெரியாமல் போனது இதுதான். ஆறேழு மாதத்தில் குழந்தை உள்ளங்கையால் வாரித்தான் பிடிக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துக் கிள்ளி எடுக்கிற வித்தை சுமார் ஒன்பது மாதத்தில்தான் வர ஆரம்பிக்கும். முஷ்டிக்குள் மாட்டிய உணவை எடுக்கக் கையைத் திறக்க வேண்டும் என்பது அதுவரை பிடிபடாது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும்தான் தின்னும். அதனால் ஆரம்பத்தில் நம் விரல் நீளம், விரல் பருமன். கிள்ளி எடுக்க ஆரம்பித்த பிறகு சின்னத் துண்டுகள். சிறிதாக வெட்டினால்தான் பத்திரம் என்று நான் நினைத்ததற்கு நேர் எதிர். பத்திரம் இருப்பது மென்மையில்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்காததை வேகவை, இல்லையென்றால் கொடுக்காதே.

இந்தக் கடைசி வரியை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் கொடுமையானது. உருளைக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் ஒரு வாரம் நன்றாகப் போக, ஒருநாள் அவசரத்தில் வேகவைக்காத ஆப்பிள் துண்டு ஒன்றைக் கொடுத்துவிட்டேன். இரண்டு கீழ்ப்பல்லால் ஒரு சில்லைச் சுரண்டி எடுத்தாள். அடுத்த நொடி முகம் சிவந்து, நாக்கை வெளியே தள்ளி, உவ்வே உவ்வே என்று ஓங்கரிக்க ஆரம்பித்தாள். நான் என்ன செய்தேன்? விரலை வாய்க்குள் விட்டேன். துழாவியதில் அந்தச் சில்லு இன்னும் உள்ளே போய்விட்டது. சத்தம் நின்றுபோனது. அந்த இரண்டு மூன்று நொடியை எழுதக்கூட விரல் வரவில்லை. குப்புறப் போட்டு முதுகில் தட்டினேன், எப்படித் தட்டினேன் என்று இப்போது கேட்டால் தெரியாது. சில்லு வெளியே விழுந்தது, அவள் வீறிட்டாள். அவ்வளவு இனிமையான அழுகையை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

அன்று மாலையே குழந்தை மருத்துவரிடம் ஓடினேன். பரிசோதித்துவிட்டு, "ஓங்கரிச்சப்போ அவளே வெளிய தள்ளிட்டுதான் இருந்தா, நீங்க விரல் விட்டதுதான் அடைச்சுக்கிச்சு" என்றார். அடிப்பது போல இருந்தது. ஆனால் இதை ஆறாவது மாதத்திலேயே யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்றுதான் தோன்றியது. அதனால் நான் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஓங்கரிப்பது வேறு, அடைத்துக்கொள்வது வேறு. இந்த வயதில் ஓங்கரிப்பைத் தூண்டுகிற இடம் நமக்கு இருப்பதைவிட நாக்கின் முன்பக்கமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் பின்னே போனாலே உடம்பு வெளியே தள்ளிவிடும். சத்தம் இருக்கும், இருமல் இருக்கும், முகம் சிவக்கும், கண்ணில் தண்ணீர் வரும். அப்போது நம் வேலை பக்கத்தில் இருந்து, முகத்தில் பதற்றம் காட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான். மூச்சுக்குழாய் அடைத்தால் சத்தம் வராது. அழ முடியாது, இருமல் வராது அல்லது பலமில்லாமல் வரும், உதடு நீலம் பாய ஆரம்பிக்கும். அதுதான் ஆபத்து. சத்தமாக இருந்தால் பொறு, சத்தம் அடங்கினால் பாய்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அடைத்துவிட்டால், முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளியே வரவில்லை என்றால் மல்லாக்கத் திருப்பி நெஞ்சின் நடுவில் 5 முறை அழுத்த வேண்டும். வெளியே வரும்வரை இதையே மாற்றி மாற்றி. வீட்டில் இன்னொருவர் இருந்தால் அதே நேரத்தில் அவசர உதவியை அழைக்க வேண்டும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் வயிற்றில் அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவக் கூடாது. இதைப் படித்துத் தெரிந்துகொள்வது போதாது. எங்காவது முதலுதவிப் பயிற்சி நடந்தால் போய் பொம்மையில் செய்து பாருங்கள், நினைவிழந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே காட்டுவார்கள். நான் அரை நாள் போனேன். வாங்கிய பொருட்களில் ஒன்றை விட்டுவிட்டு இதற்கு முதலிலேயே போயிருந்தால் அந்த ஆப்பிள் நாளே வந்திருக்காது.

பயத்தில் மறுபடி மசியலுக்கே திரும்பினேன். இரண்டு வாரம் வீண். போனும் திரும்பி வந்தது. அந்த நாட்களில்தான் நியூசிலாந்தில் சுமார் 200 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். 2016-ல் வெளியானது. எந்த உணவு ஆபத்து என்று பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்து, குழந்தைகளைத் தாங்களே எடுத்துச் சாப்பிட விட்டிருக்கிறார்கள். வழக்கமான முறையில் சாப்பிட்ட குழந்தைகளைவிட இவர்களுக்கு அடைப்பு அதிகம் ஏற்படவில்லை. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இன்னொன்று: இரண்டு தரப்பு வீடுகளிலும் ஆபத்தான உணவுகளைக் குழந்தைக்குக் கொடுப்பது சர்வசாதாரணமாக இருந்திருக்கிறது. கரண்டியால் ஊட்டுகிற வீட்டிலும்தான். ஆக, யார் கை என்பதைவிட என்ன உணவு, எந்த வடிவம் என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டில் சமையலறைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டினேன். முழுத் திராட்சை, செர்ரித் தக்காளி கூடாது, நீளவாக்கில் நாலாக வெட்டு. முழுக் கடலை, முந்திரி, பாதாம் போன்ற முழுக் கொட்டைகள், பாப்கார்ன், மிட்டாய் கூடவே கூடாது. கேரட், ஆப்பிள் பச்சையாகத் துண்டு போட்டுக் கூடாது, வேகவைத்து அல்லது மெல்லியதாகத் துருவி மட்டும். வேகவைத்த கொண்டைக்கடலையைத் தட்டையாக நசுக்கு. கடலை வெண்ணெயைக் கரண்டியோடு கொடுக்காதே, மெல்லியதாகத் தடவு. தேன் ஒரு வயது முடியும்வரை துளிகூட வேண்டாம்: அதில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகிவிடும், சாதாரணச் சமையல் சூட்டில் அவை சாவதில்லை. படுத்துக்கொண்டோ, தவழ்ந்துகொண்டோ, காரிலோ சாப்பாடு இல்லை. முதுகு நிமிர, கால் பாதம் எதிலாவது ஊன்றி உட்கார்ந்தால்தான் தட்டு வரும். (எங்கள் ஹை சேரில் கால் தொங்கியது. பழைய டப்பா ஒன்றைக் கட்டிவைத்தோம். பார்க்க அசிங்கம், ஆனால் அவள் நெளிவது நின்றது.) இந்தக் காகிதம் யாருக்காக என்றால், அன்போடு வாயில் எதையாவது திணிக்கிற விருந்தாளிகளுக்காக. வாயால் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள், சுவரில் எழுதியிருந்தால் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள்.

மறுபடி அவள் கையிலேயே கொடுக்க ஆரம்பித்தேன். இந்த இரண்டாவது சுற்றில் வேறு பைத்தியம் பிடித்தது. குழந்தைக்கென்று தனிச் சமையல். காய்கறி கலந்த குட்டி கேக், ஓட்ஸ் உருண்டை, வாழைப்பழ அப்பம். இரவு பதினொரு மணிக்கு நின்றுகொண்டு சுட்டு அடுக்கினேன். இரண்டு கடித்துவிட்டுக் கீழே போட்டாள். அவள் கண் எப்போதும் என் தட்டில்தான். அட, முதல் உருளைக்கிழங்கும் என் தட்டிலிருந்து போனதுதானே என்று அப்போதுதான் உறைத்தது. அன்றோடு தனி அடுப்பை அணைத்தேன். எங்களுக்குச் செய்வதிலேயே உப்பும் காரமும் போடுவதற்கு முன் அவள் பங்கை எடுத்துவிடுவேன், அவ்வளவுதான். ஒரு வயது வரை ஒரு நாளைக்கு மொத்தமே 1 கிராமுக்குக் குறைவான உப்புதான் போகலாம் என்கிறார்கள், அது பாலிலிருந்தும் உணவிலிருந்தும் இயல்பாகவே வந்துவிடும். சர்க்கரையும் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் சீரகம், பூண்டு, மிளகுத்தூள் ஒரு சிட்டிகை, கொத்தமல்லி எல்லாம் அவளுக்கும் உண்டு. குழந்தை உணவு சப்பென்று இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உப்புக்கு முன் எடுப்பது என்பது பழகக் கொஞ்ச நாள் ஆகும். நான் எத்தனையோ தடவை மறந்து, போட்டுவிட்டுப் பல்லைக் கடித்திருக்கிறேன். அடுப்பு பக்கத்தில் அவள் கிண்ணத்தை முதலிலேயே எடுத்து வைத்தால் மறக்காது.

சமையலில் சின்னச் சின்ன நெளிவுசுளிவு உண்டு. சோறு உதிரியாக இருந்தால் அவளால் எடுக்க முடியாது. கொஞ்சம் குழைய வைத்துக் கெட்டிப் பருப்போடு பிசைந்து நீள உருண்டையாக உருட்டினால் பிடித்துத் தின்பாள். ஆம்லெட்டை விரல் அகலப் பட்டைகளாக வெட்டலாம், முட்டை முழுதாக வெந்திருக்கட்டும். புரோக்கோலிக்குப் பிறவியிலேயே கைப்பிடி இருக்கிறது. வாழைப்பழம் வழுக்கும், கீழ்ப்பாதித் தோலைக் கழுவி அப்படியே விட்டு மேல்பாதியை மட்டும் உரித்துக் கொடுங்கள். மீனில் முள்ளை நாம் விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும், கண்ணை நம்பாதீர்கள். கோழியை நார் நாராகக் கிழிப்பதைவிடக் கொத்தி, பிசைந்து, தட்டி வேகவைத்தால் அவளுக்கு மென்று தின்ன வருகிறது. பீட்ரூட் கொடுத்தால் மறுநாள் டயப்பரைப் பார்த்து அலறாதீர்கள். நான் அலறினேன்.

பத்தாவது மாதத்தில் எல்லாம் சரியாகப் போகிறது என்று நான் மார்தட்டிக்கொண்டிருந்தபோதுதான் அடுத்த அடி. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு. தட்டு வண்ணமயமாக இருந்தது, போட்டோவுக்கு அழகாக இருந்தது, இரும்புச்சத்துதான் இல்லை. அவள் தானாகப் பிடிக்க எளிதாக இருப்பவை பழமும் கிழங்கும். நானும் அவற்றையே சுற்றிச் சுற்றிக் கொடுத்திருக்கிறேன். பிறக்கும்போது உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பு ஆறு மாதத்தில் தீர ஆரம்பித்துவிடும், தாய்ப்பாலில் இருக்கிற கொஞ்சம் அதற்குப் பிறகு போதாது. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம், 7 முதல் 12 மாதக் குழந்தைக்கு 11 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. அந்தக் குட்டி வயிற்றுக்கு அப்பாவைவிட அதிகம்! மருத்துவர் சொட்டுமருந்து எழுதினார், மூன்று மாதம் கொடுத்தோம். அதிலிருந்து தட்டை அழகுக்கு நிரப்புவதை விட்டேன். ஒவ்வொரு வேளையிலும் இரும்புக்கு ஒன்று: இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, பயறு, இப்படி ஏதாவது. ஈரல் நல்லதுதான், ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் தக்காளியோ ஆரஞ்சோ இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி பருப்பின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். அதோடு வயிறு நிறையச் சோறோ கிழங்கோ ஏதாவது ஒன்று, அதற்குப் பிறகுதான் மற்ற காய் பழம். ஒரு வயதுக்குள் பசும்பாலைச் சமையலில் சேர்க்கலாம், குடிக்கக் கொடுக்கிற முக்கியப் பாலாக வேண்டாம்.

ஒவ்வாமை பற்றியும் பயந்து பயந்து முட்டையையும் கடலையையும் தள்ளிப்போட்டவள் நான். தள்ளிப்போடுவது பாதுகாப்பு இல்லை என்று இப்போது தெரிகிறது. பிரிட்டனில் ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள 640 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2015-ல் வந்தது. சீக்கிரமே வேர்க்கடலை சேர்ந்த உணவைச் சாப்பிட ஆரம்பித்தவர்களிடம் ஐந்து வயதில் இருந்த கடலை ஒவ்வாமை, கடலையே கொடுக்காமல் தவிர்த்தவர்களிடம் இருந்ததில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். கடுமையான தோல் அழற்சியோ ஏற்கெனவே முட்டை ஒவ்வாமையோ இருக்கிற குழந்தை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றபடி ஒரு நேரத்தில் ஒரு புது உணவு, காலை வேளையில், கொஞ்சமாக. இரவில் தொடங்கினால் தூக்கம் நம்முடையதுதான் போகும்.

தரை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு வேளைக்குத் துடைக்க பதினைந்து நிமிடம் ஆனது. பழைய படுக்கை விரிப்பு ஒன்றை நாற்காலிக்குக் கீழே போட்டு, சாப்பிட்டதும் நாலு மூலையையும் சேர்த்து எடுத்து உதறினால் மூன்று நிமிடம். ஒட்டும் தட்டை அவள் இரண்டு வாரத்தில் பிய்க்கக் கற்றுக்கொண்டாள். தட்டே இல்லாமல் நாற்காலிப் பலகையில் இரண்டு மூன்று துண்டு வைத்து, முடிந்ததும் இன்னும் இரண்டு வைப்பதுதான் நடக்கிற காரியம். நிறைய வைத்தால் மொத்தமாக வழித்துக் கீழே தள்ளுவாள். தயிர், கூழ் மாதிரி உள்ளவற்றைக் கரண்டியில் எடுத்து அவள் கையில் கொடுத்துவிடுவேன், வாய்க்குப் போகும் வழி அவள் பாடு. உடம்பு சரியில்லாத நாளில் நானே ஊட்டியும் இருக்கிறேன். கரண்டி ஒன்றும் எதிரி இல்லை, வாய் மூடிய பிறகும் அதை நீட்டிக்கொண்டிருந்ததுதான் என் பிசகு.

எனக்கு மிகக் கஷ்டமாக இருந்தது இதில் எதுவும் இல்லை. என் கையைச் சும்மா வைத்திருப்பதுதான். துண்டு வாய்க்கருகில் போய்த் தவறி விழும்போது எடுத்து ஊட்டிவிடக் கை துடிக்கும். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன், நிஜமாகவே. "இன்னும் ஒரு வாய்" என்ற சொல்லை விடுவதற்கு ஒரு மாதம் ஆனது. தலையைத் திருப்பினால், பொருளை எறிய ஆரம்பித்தால் முடிந்தது, எடுத்துவிடுவேன். ஒரு வேளை மூன்று கடி, அடுத்த வேளை என் பங்கையும் சேர்த்து. ஒரு வேளையை வைத்துக் கணக்குப் பார்த்தால் பைத்தியம் பிடிக்கும், ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். எடை ஏறுகிறதா என்று பரிசோதனையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது பத்து மாதத்துக்குமேல் கட்டி கட்டியான உணவைத் தள்ளிப்போட்டால் பிற்பாடு மெல்லுவதற்கு முரண்டு பிடிக்கும் குழந்தைகள் உண்டு. அதனால் பயந்து என்னைப்போல் மசியலிலேயே நின்றுவிட வேண்டாம். புரோக்கோலியை அவள் பன்னிரண்டு தடவை எறிந்தாள். பதின்மூன்றாவது தடவை தின்றாள், பதினான்காவது தடவை மறுபடி எறிந்தாள்.

பாப்பாவுக்கு இப்போது ஒன்றரை வயது. போன வாரம் ஐந்து மாதம் கர்ப்பமாக இருக்கிற தோழி வந்திருந்தாள், அந்த வேகவைத்து அரைக்கிற மிஷினைக் கேட்டாள். அதில் இப்போது துணி மாட்டுகிற கிளிப்புகள் கிடக்கின்றன. கொடுக்க மனம் வரவில்லை. வாங்கிக் குவித்ததில் உருப்படியான ஒரே பொருள் நெளிநெளியாக வெட்டுகிற கத்திதான், வழுக்குகிற காயையும் பழத்தையும் அதில் வெட்டினால் குழந்தைக் கைக்குப் பிடி கிடைக்கும். என் கத்தியைக் கொடுக்க மாட்டேன், நீ ஒன்று வாங்கிக்கொள் என்றேன். பழைய படுக்கை விரிப்பு இரண்டு மட்டும் மடித்துக் கொடுத்தனுப்பினேன்.